எந்தக் கப்பிக்குக் கயிறு?

கிளாஸ்கோவின் கெல்பர்ன் தெருவில், நெட்டா கில்ஹூலி குடியிருந்த மாடிக் கட்டடத்தில் எல்லா வீட்டாரும் பிளாஸ்டிக் சன்னலுக்குத் தலையாட்டிவிட்டார்கள். தலையாட்டாதவள் நெட்டா ஒருத்திதான்.

பள்ளிக்கூடம் பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறமாட்டாள். யாரிடமும் குரலை உயர்த்தாதவள் என்று அந்தப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஆனால் அந்த வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டுச் சங்கத்து ஆள் பர்டி அளவு நாடாவோடு வாசலில் வந்து நின்றபோது, அவள் கதவை ஒருக்களித்தாற்போல் திறந்து, வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ்ஸஸ் கில்ஹூலி, தெருவுலேர்ந்தே பாத்துட்டுத்தான் வர்றேன். கஞ்சி கிண்டுற கட்டைய முட்டுக் குடுத்துச் சன்னல நிறுத்தி வெச்சிருக்கீங்க. கட்டை நழுவுனா யார் கை போகும்?"

"என் கைதான் போகும். ஒங்க கைய இரவல் கேட்டேனா?"

"புதுசு போட்டா குளிரே வராது. ஒரு சாண் மட்டும் சாஞ்சு தெறக்கும். யாரும் வெளியே விழ முடியாது."

"ஒரு சாணா? அதுல என் மூக்குகூட வெளிய போவாதே!"

"மூக்கு எதுக்கு வெளிய போவணும்?"

பர்டி கெட்டவர் இல்லை. தோட்டம் வைத்த வீடுகள் உள்ள பக்கத்துக்காரர், அவ்வளவுதான். கெல்பர்ன் தெருவில் பிறந்த யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அங்கே சாயங்காலமானால் பெண்கள் சன்னலின் கீழ்ச் சட்டத்தை மேலே தள்ளிவிட்டு, விளிம்பில் ஒரு தலையணையைப் போட்டு, அதில் முழங்கையை ஊன்றி, இடுப்புவரைக்கும் தெருவில் தொங்குவார்கள். அதற்குப் பெயரே தொங்கல்தான். "ஒரு தொங்கல் போட்டுட்டு வந்து உருளக்கிழங்கு உரிக்கிறேன்" என்பார்கள். கல்யாணம், சாவு, வேலை போனது, வேலை கிடைத்தது எல்லாம் அந்தத் தலையணைகளுக்குத்தான் முதலில் தெரியும்.

நெட்டாவின் தொங்கல் எதிர்வீட்டுப் பீனி ஆல்டு என்பவளோடு. நடுவில் தெரு, இருவரும் மூன்றாம் மாடி. பீனிக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து, படியிறங்குவது நின்றுபோனது. மகன் கனடாவில். காலையில் ஒரு உதவிக்காரி வந்து சூப்பைச் சூடாக்கி வைத்துவிட்டுப் போவாள். அதன் பிறகு அவளுக்கு உலகம் என்று இருந்தது நெட்டாவின் தலைதான். நெட்டா கத்தோலிக்கச்சி, பீனி மறு கட்சி, புராட்டஸ்டண்ட். அதைச் சொல்லிக் கிண்டலடிக்காத நாள் கிடையாது.

பிளாஸ்டிக் சன்னல் வரப்போகிறது என்று நெட்டா தெருவைத் தாண்டிக் கத்திச் சொன்ன அன்றைக்கு மட்டும் பீனியிடமிருந்து கிண்டல் வரவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரை மூடிக்கொண்டது. அந்த மூடிய திரையைப் பார்த்துத்தான் நெட்டாவுக்கு வைராக்கியம் பிறந்தது. பர்டி மறுபடி வந்தபோது, "முடியாது" என்றாள். ஏன் என்று கேட்டதற்கும், "முடியாது" என்றாள்.

கடைசியில் பர்டியே இறங்கி வந்தார். "சரி, வெள்ளிக்கிழம வர்றேன். முட்டு இல்லாம, யாரும் பிடிக்காம, ஏத்துன எடத்துல சன்னல் நின்னா பழசையே வெச்சுக்கங்க. நிக்கலன்னா பிளாஸ்டிக். அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

"வாங்க. நிக்கும்."

நிற்க வைப்பது கயிறுதான். சட்டத்தின் இரண்டு பக்கமும் கயிறு ஏறி, மேலே கப்பியில் வளைந்து, சுவரோரப் பெட்டிக்குள் இறங்கும். உள்ளே நுனியில் இரும்புக் குண்டு தொங்கும். சட்டம் மேலே போனால் குண்டு கீழே வரும். இரண்டும் சரியாக இழுத்துப் பிடித்தால், விட்ட இடத்தில் சட்டம் நிற்கும். நெட்டாவின் சன்னலில் ஒரு பக்கக் கயிறு மக்கி அறுந்துவிட்டது. மறுபக்கம் நூல் நூலாகப் பிரிந்து, அறுவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து வரும் வழியில் இரும்புக் கடைக்குப் போனாள். புதிதாகச் சேர்ந்த பெண் நின்றிருந்தாள்.

"கப்பிக்குக் கயிறு குடும்மா. நல்லதா."

அந்தப் பெண் பளபளவென்று ஒரு வெள்ளை நைலான் கயிற்றை வெட்டிக் கொடுத்தாள். நெட்டா சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தாள்.

மாட்டுகிற வேலையைப் பீனி எதிர்ச்சன்னலில் இருந்தபடி நடத்தினாள். அவள் புருஷன் தச்சர். அவர் வேலை செய்யும்போது ஆணி எடுத்துக் கொடுத்துக் கொடுத்து எல்லாம் மனப்பாடம். கயிற்றைக் கப்பிக்குள் நுழைக்க, நூலில் ஒரு சின்ன ஈயத்துண்டைக் கட்டி முதலில் உள்ளே விடவேண்டும். தச்சர்கள் அதை எலி என்பார்கள்.

"எலிய விடுடி!" என்று பீனி கத்தினாள்.

"விட்டேன். எறங்க மாட்டேங்குது!"

"வாலப் புடிச்சு ஆட்டு! இன்னும் தள்ளு உள்ள!"

கீழே தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஒருத்தி, அண்ணாந்து பார்த்துவிட்டு வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓடினாள்.

எலி இறங்கியது. கயிறு ஏறியது. சட்டம் நின்றது. நெட்டா கஞ்சிக்கட்டையைக் கழுவி அடுப்பங்கரையில் மாட்டிவிட்டு, தலையணையைப் போட்டுத் தொங்கினாள். பீனிக்கு வாயெல்லாம் பல். கசாப்புக்கடைக்காரன் மகள் கல்யாணத்தை இரண்டு பேரும் பாதி அலசியிருப்பார்கள். அப்போது நெட்டாவின் முதுகில் யாரோ மெதுவாகக் கைவைப்பதுபோல் இருந்தது. பிறகு கை அழுத்தியது. சட்டம்தான். நைலான் நீண்டு, முடிச்சு வழுக்கி, குண்டு பெட்டிக்கு அடியில் போய்ச் சுகமாக உட்கார்ந்துவிட்டது. தலை தெருவில், கால் வீட்டில் என்று மாட்டிக்கொண்டாள் நெட்டா.

"என்னடி, எலிப்பொறி எலியப் புடிச்சிருச்சா?" என்றாள் பீனி.

"வாய மூடிக்கிட்டு யாரையாவது கூப்பிடு!"

"யாரக் கூப்புட? ஒங்க போப்பாண்டவரையா?"

தெருவே கூடிச் சிரித்தது. கடைசியில் கீழ்வீட்டு ராப், வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்து சட்டத்தைத் தூக்கிவிட்டான். "பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கோயேன் நெட்டா" என்றான், இருமலும் சிரிப்புமாக. "இன்னொரு தடவ இப்படி ஆனா முதுகு போயிரும்."

"முதுகு என்னுது" என்றாள் நெட்டா.

அன்று ராத்திரி மாதா படத்துக்கு முன்னால் முட்டிபோட முடியாமல் நின்றுகொண்டேதான் ஜெபம் சொன்னாள். ஆனால், "எனக்கு விட்டுக்கொடுக்கிற மனசைத் தாரும்" என்று மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் பெட்டிக்குள்ளிருந்து ஒரு இரும்புக் குண்டைக் கழற்றி, துவாலையில் சுற்றி, சந்தைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். இந்தத் தடவை கடைக்காரர் டால்கிளீஷே நின்றார். குண்டைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் மேசையில் கிடத்தினாள்.

"யாரு பெத்தது நெட்டா? அப்பன் சாடையே இல்லையே."

"சிரிக்காதீங்க. கப்பிக்குக் கயிறு கேட்டேன். ஒங்க பொண்ணு குடுத்தது என்னக் கொல்லப் பாத்துச்சு."

"எந்தக் கப்பிக்கு?"

அப்போதுதான் நெட்டாவுக்கு உறைத்தது. அந்த ஊரில் கப்பி என்றால் ஒவ்வொரு அடுப்பங்கரையிலும் தலைக்கு மேலே தொங்குகிற துணி உலர்த்தும் மரச்சட்டம்தான். ஈரத்துணியைப் போட்டு, கயிற்றை இழுத்து, கூரைக்கு ஏற்றிக் கட்டிவிடுவார்கள். சன்னலுக்குள்ளும் ஒரு கப்பி இருக்கிறது என்று தச்சரைத் தவிர யார் நினைக்கிறார்கள்? அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறாள்.

"சன்னல் கப்பிக்கு" என்றாள் நெட்டா, காது சிவந்துபோய்.

டால்கிளீஷ் சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரமானது. பிறகு நாலைந்து சுருளை எடுத்துப் போட்டார். "இந்தா, சன்னலுக்குன்னே நைலான் கலந்தது ஒண்ணு இருக்கு. மக்கவே மக்காது. இதையே கொண்டு போ."

"நைலான் பேச்சே வேண்டாம். கொல்லையில துணிக்கொடி கட்டிப் பாத்தவ நான். ரெண்டு ஈரப் போர்வையப் போட்டா தரையத் தொட்டுரும்."

அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். ஆனால் எதையும் அப்படியே நம்பிவிடவில்லை. சணல் கயிற்றைக் கட்டைவிரலால் தேய்த்தாள். தூசியாக உதிர்ந்தது, தள்ளி வைத்தாள். தடித்த கயிறு ஒன்று கப்பியின் பள்ளத்தில் உட்காராது என்று பார்த்தவுடனே தெரிந்தது. மீதி இருந்த இரண்டில் ஒவ்வொன்றாகக் குண்டைக் கட்டி, கதவு மேலிருந்த கொக்கியில் தொங்கவிட்டு, குண்டு நிற்கிற இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். வாளி வாங்க வந்தவர்கள் குண்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் கோட்டுப் பையில் கைவிட்டு ஜெபமாலையை உருட்டியபடி நின்றாள். நைலான் கலந்தது கோட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டே இருந்தது. மெழுகு பூசிப் பின்னிய பருத்திக் கயிறு கொஞ்சம் இறங்கியது. பிறகு நின்றது. ஜெபமாலை ஒரு சுற்று முடிந்தும் நின்ற இடத்திலேயே நின்றது.

"இது" என்றாள்.

"பருத்தி ஒருநாள் மக்கும், நெட்டா. நான் சொல்லலன்னு சொல்லக்கூடாது."

"நானுந்தான் ஒருநாள் மக்குவேன். அதுவரைக்கும் நின்னாப் போதும்."

இரண்டு பக்கத்துக்கும் அதையே வாங்கினாள். வீட்டில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, கயிறு நீளவேண்டிய அளவுக்கு நீண்ட பிறகுதான் வெட்டினாள். மறுபடி எலி, மறுபடி பீனியின் கூச்சல். "ஒன் ஜெபமாலையாலயே கட்டியிருக்கலாமே, அதத்தான நாளெல்லாம் இழுக்குற" என்றாள் பீனி. நெட்டாவின் வாயில் ஆணி இருந்தது.

வெள்ளிக்கிழமை பர்டி வந்தார். கதவை இந்தத் தடவை அகலத் திறந்தாள். சட்டத்தை ஏற்றினாள். கையை எடுத்தாள். நின்றது.

பர்டி கிட்டே போய் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "அன்னைக்கும் மொதல்ல நின்னுச்சாமே? அப்புறந்தான் எறங்குச்சாம். தெருவெல்லாம் சொல்றாங்க."

"சொல்வாங்க. நல்லாத்தான் சொல்வாங்க."

தலையணையை எடுத்து விளிம்பில் போட்டாள். முழங்கையை ஊன்றினாள். பிறகு, முதுகில் நீலம் இன்னும் மாறாத நெட்டா, தலையையும் கழுத்தையும் அந்தச் சட்டத்துக்கு அடியில் நீட்டி, இடுப்புவரைக்கும் தெருவில் தொங்கினாள்.

"மிஸ்ஸஸ் கில்ஹூலி, வேண்டாம்! உள்ள வாங்க!"

"ஒங்களுக்கு வேணுங்கிற நேரம் நின்னு பாருங்க" என்றாள், திரும்பாமலே. "டீ அடுப்புமேல இருக்கு, ஊத்திக்கங்க. இது விழுந்தா என் கழுத்து போகும். அப்ப ஒங்க பிளாஸ்டிக்கப் போட்டுக்கங்க, நான் தடுக்க இருக்கமாட்டேன்."

எதிரே திரை அசைந்தது. பீனி தலையணையோடு வந்து விழுந்தாள்.

"யாருடி ஒம் பின்னால நிக்கிறது? மாப்பிள்ளையா?"

"பிளாஸ்டிக்குடி!"

"பாத்தா அப்படித்தான் இருக்கு!"

பேச்சு கசாப்புக்கடைக்காரன் மகள் கல்யாணத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மாப்பிள்ளையின் தாய்க்காரி தொப்பி, வெந்தும் வேகாத கறி, கோவிலுக்குப் பிந்தி வந்த பாதிரியார். பர்டி டீ ஊற்றிக் குடித்தார். குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தார். வந்து பார்த்தார். சட்டம் ஏற்றிய இடத்தில் அப்படியே இருந்தது.

"நிக்குது" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஆனா அடுத்த வருஷமும் வருவோம் மிஸ்ஸஸ் கில்ஹூலி. சங்கம் விடாது."

"வாங்க. அப்பவும் நிக்கும்" என்றாள் நெட்டா, தெருவைப் பார்த்தபடி. "போறப்பக் கதவச் சாத்திட்டுப் போங்க. குளிரு வருது."