கீரியே பாடிய பட்டாளத்தார்

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. திண்டிவனம் ரோட்டில் பட்டாளத்து லாரி சத்தம் கேட்டாலே பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எனக்குப் பதினேழு வயது.

அந்த ஞாயிறு செஞ்சி மாதா கோயிலில் பாட்டுப் பூசை. வழக்கமாக முதலடி எடுக்கிற உபதேசியாருக்குக் காய்ச்சல். நான்தான் எடுக்க வேண்டும் என்று சாமியார் முன்பே சொல்லிவிட்டார். அந்த நாளில் எல்லா ஊர்க் கோயிலிலும் பூசைக்கு இலத்தீன் பாட்டுதான். ஒரு சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. காதால் கேட்டுப் படித்ததுதான். அம்மாவோடும் தங்கையோடும் வல்லத்திலிருந்து நடந்து வந்த வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

பூசை தொடங்கும் நேரத்தில் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. வெள்ளைக்காரன் பட்டாளத்தைச் சேர்ந்த ஏழெட்டு ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் இறங்கினார்கள். அவ்வளவு உயரமான ஆட்களை நாங்கள் பார்த்ததேயில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைக் கண்டு, அவர்களும் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்கள்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "வாடி, பின்பக்கமா போயிடலாம்."

"பாட்டு யாரும்மா எடுக்கறது?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. பூசையின் முதல் பாட்டான 'கீரியே'யை எடுத்தேன். கடைசி வரிசையில் சிப்பாய்கள் வந்து உட்கார்ந்ததும் பாதியில் நின்றுவிட்டது. கூடப் பாடும் பெண்களும் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையிலிருந்துதான், நான் விட்ட இடத்திலிருந்து, அதே மெட்டில் பாட்டு எழுந்தது. கோட்டைக் கல்லில் மோதித் திரும்புகிற மாதிரி கனத்த குரல்கள். அடுத்த அடியை நான் எடுத்தேன். அவர்கள் பதில் பாடினார்கள். பூசை முடியும்வரை அப்படியே. யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல் இருந்தது. தமிழ்ப் பிரசங்கத்தின்போது எங்கள் ஆட்களே தூங்கி விழுந்தார்கள். சிப்பாய்கள் ஒரு சொல்லும் புரியாமல் கைகட்டிக் கேட்டார்கள்.

வெளியே வந்ததும் அம்மா சாமியாரிடம் கேட்டாள். "நம்ம பாட்ட இவங்களுக்கு யாரு சாமி சொல்லிக் குடுத்தாங்க?"

"அவங்க ஊரு சாமியாருதான். உம் பொண்ணப் பாத்து அவங்களும் அதையேதான் கேக்கறாங்க."

சாமியார் கேட்டுக்கொண்டதும், சிப்பாய்கள் வேப்பமரத்தடியில் நின்று தங்கள் பாஷையில் ஒரு பாட்டுப் பாடினார்கள். ஒருவர் எடுக்க, மற்றவர்கள் கைதட்டிப் பதில் சொன்னார்கள். என் தங்கையும் தட்டத் தொடங்கினாள். பிறகு கூட்டமே தட்டியது.

வழிக்குக் கொண்டுவந்த அவித்த மல்லாட்டைக் கடலையை அம்மா ஒரு சிப்பாயின் தொப்பியில் கொட்டினாள். "சாப்டுப்பா. போற வழியில பசிக்கும்."

அவர் ஏதோ சொல்லிக்கொண்டே தலை குனிந்தார். பிள்ளைகளை வெளியூர் அனுப்பும்போது செய்வதுபோல, அம்மா எக்கி நின்று அவர் நெற்றியில் சிலுவை வரைந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். கடைசி ஆள் மண்டியிட்ட பிறகுதான் அம்மாவுக்கு எட்டியது.

லாரி போன பிறகும் எங்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாய்க்கு வந்த சொற்களைப் போட்டு, நானும் தங்கையும் அந்தப் பாட்டை வல்லம்வரை பாடிக்கொண்டே நடந்தோம். "வாயி வலிக்கலியாடி?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் அவளும் சேர்ந்துகொண்டாள்.