அமாவாசைக் குழு

எங்கள் குழு எந்த நாளில் கூட வேண்டும் என்பதை அமாவாசைதான் முடிவு செய்தது என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆரணியில் அமாவாசை அன்று தறி ஓடாது. குழுவில் பாதிப் பேர் பட்டு நெசவாளர்கள். மற்ற நாளில் அவர்களைத் தறியைவிட்டுக் கிளப்ப யாராலும் முடியாது.

ஒரு காவல் நிலையத்தில் பொதுமக்களை எப்படி நடத்துகிறார்கள் என்று நேரில் பார்த்து மேலதிகாரிக்குத் தெரிவிப்பதற்காக அமைத்த குழு அது. எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை. அன்றிருந்தவர்கள் மாற்றலாகிவிட்டார்கள், குழுவின் காலமும் முடிந்துவிட்டது. யாரையும் விடுவிக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. போகலாம், பார்க்கலாம், எழுதலாம், அவ்வளவுதான். மருந்துக் கடை வைத்திருப்பவன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

தலைவி ஓய்வு பெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. முதலில் அவர் வீட்டில் கூடுவோம். மசால் வடை வரும், சுக்குக் காப்பி வரும், உலகத்துக் கதையெல்லாம் வரும், கடைசியில்தான் வேலை வரும். அதன் பிறகு நிலையத்துக்குக் கிளம்புவோம். இன்ஸ்பெக்டருக்கு எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது டீச்சரம்மாவின் பங்கு. நெசவாளர் அண்ணன் ஒருவர் வாசல் பெஞ்சில் காத்திருப்பவர்களிடம் குறை கேட்பார். பின்பக்கம் லாக்கப்பைப் பார்ப்பது நான். நிலையத்து டீயை யாரும் குடிக்கக் கூடாது என்பது டீச்சரம்மாவின் சட்டம். அதற்காகவே கையில் பிளாஸ்க் இருக்கும். எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த வடையும் வாக்குவாதமும் வேறு எங்கும் கிடைக்கவில்லை. இப்போதும் மனசு ஏங்குகிறது.

போகும்போதெல்லாம் நிலையம் பளிச்சென்று இருந்தது. பினாயில் வாசனை தெருவரை வரும். லாக்கப் காலியாக இருக்கும். நம் ஊர் போலீஸ் தங்கம் என்று நாங்களே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் காலையில் டீச்சரம்மாவிடமிருந்து போன் வந்தது. போனபோது அவர் வீட்டுக் கூடத்தில் சேவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவள் புருஷன் கூலிக்கு நெய்பவன். முதலாளி வீட்டில் பட்டு நூல் காணாமல் போனதற்காக அவனை முந்தின நாள் நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"விசாரிக்கணும்னு கூட்டிகினு போனாங்கம்மா. பாக்கக்கூட வுடல. அழுதுகினே நின்னேன். வாசல்ல இருந்த போலீசுகாரரு, 'பேஜார் பண்ணாத, அமாவாசைக்கு முன்னாடி அனுப்பிடுவோம்'னாரு."

"அமாவாசைக்கு முன்னாடியா? ஏன்?" என்று கேட்டார் டீச்சரம்மா. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஊருக்கே தெரிந்த நாளில் போய்க் காலி அறையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

"ஜல்தியா கெளம்புங்க," என்றார்.

நெசவாளர் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினோம். மடித்துக் கட்டிய வேட்டியோடு ஓடிவந்தார். "பாதிப் பொடவையில வுட்டுட்டு வந்துருக்கேன். இன்னாங்க அவசரம்?" என்றவர், விஷயம் தெரிந்ததும் எங்களுக்கு முன்னால் நடந்தார்.

எங்களைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் எழுந்தேவிட்டார்.

"இன்னைக்கு அமாவாசை இல்லீங்களே!"

"இல்லீங்க," என்று டீச்சரம்மா எதிரே உட்கார்ந்தார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

பினாயில் வாசனை இல்லை. பின்னறையில் அவன் ஜட்டியோடு சுவரோரம் குந்தியிருந்தான். எழுந்திருக்கச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பாதத்தைத் தரையில் முழுதாக ஊன்ற முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டான். போய் டீச்சரம்மாவிடம் சொன்னேன். அவர் இன்ஸ்பெக்டர் முன்னாலேயே மேலதிகாரிக்குப் போன் போட்டார். பெயரையும் நிலைமையையும் சொல்லிவிட்டு, அவன் வெளியே வரும்வரை நாற்காலியைவிட்டு நகர மாட்டேன் என்றார். மதியத்துக்கு மேல் அவனை அனுப்பினார்கள்.

அதோடு குழு அமாவாசையை விட்டுவிட்டது. எந்த நாள் என்று டீச்சரம்மா அன்று காலையில்தான் சொல்வார். நெசவாளர்கள் முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள், ஆனால் வந்தார்கள். அந்த முணுமுணுப்பையும் சேர்த்துத்தான் இப்போது தேடுகிறேன்.

அவனை அனுப்பிய அன்றே ஆஸ்பத்திரியில் காட்டி, மருந்து வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் என் வண்டியில் வீடு சேர்த்தேன். அவன் பெண்டாட்டியும் அண்ணனும் கூட வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அவன் நேராகத் தறிக்குழியில் இறங்கினான். மிதியில் காலை வைத்தான். சட்டென்று இழுத்துக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வைத்தான்.

அவன் பெண்டாட்டி போய்த் தோளைப் பிடித்தாள்.

"வுடுய்யா. இன்னிக்கு நமக்கு அமாவாசை."

அவன் தறியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். தெரு முழுக்க மற்ற வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.