ஆயுத பூஜைக்கு லீவு எடுத்த செல்கள்

பாகலூர் பஸ்ஸில் எனக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவர் பிரேக் ஒயர் செய்கிறார், அந்தப் பக்கத்து அக்கா ரோஜாப்பூ பேக் செய்கிறார். நான் ஓசூரில் மனிதத் தோல் செல் வளர்க்கிறேன் என்றால் இருவரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வேலை என்னவோ மாடு வளர்ப்பது மாதிரிதான். வேளைக்குத் தீனி, சுத்தமான இடம், சரியான சூடு. இந்தச் செல்கள் கொலாஜன் என்ற புரதத்தைச் சுரந்து தோலுக்கு உறுதி கொடுக்கின்றன. காயம் ஆறும்போது அது அளவுக்கு மீறினால் தழும்பு தடித்துவிடும். அதை அடக்கும் ஒரு மருந்து எங்கள் லேபுக்குச் சோதனைக்கு வந்திருந்தது.

நான் அப்போது புரொபேஷனில் இருந்தேன். தனியாகச் செய்த முதல் சோதனை. ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான் என்று மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். வேறு எந்த வேலைக்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

நடுவில் ஆயுத பூஜை வந்தது, அதோடு சனி ஞாயிறும் சேர்ந்துகொண்டது. எல்லா மெஷினுக்கும் சந்தனப் பொட்டு, மாலை. செல் அறைக்குள் தூசி போகக்கூடாது என்பதால் அதற்கு மட்டும் கதவுக்கு வெளியே பொட்டு. லீவு என்று செல்லுக்குத் தெரியுமா? அதனால் லீவு நாட்களுக்கான தீனித் திரவத்தை, வைட்டமின் சி உட்பட எல்லாம் சேர்த்து, முன்கூட்டியே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். பூஜைக்குக் கட்டிய பட்டுப்புடவை மேலேயே லேப் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து தீனியை மாற்றினேன். கேட்டில் பைக்கோடு நின்ற கணவர், "உன் புள்ளைங்க சாப்டுச்சா?" என்று கிண்டல் செய்தார்.

ரிசல்ட் வந்தது. மருந்து போட்ட செல் தட்டுகளில் கொலாஜன் அடியோடு குறைந்திருந்தது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். உடனே மீட்டிங் கூட்டினார். நான்தான் அடுத்த பக்கத்தையும் பார்த்துத் தொலைத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே போடாமல் வைத்த தட்டுகளிலும் அதே குறைவு. அப்படியென்றால் மருந்து எதையும் அடக்கவில்லை, செல்களே வேலை செய்யவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். நான் ஒன்றும் பெரிய உத்தமி இல்லை. ஆனால் கண்ணில் பட்டதை மறைத்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறோமே என்று நினைத்துக்கொண்டே மீட்டிங்கில் எழுந்து சொன்னேன். மேனேஜரின் சிரிப்பு நின்றது. "திரும்பச் செய்ங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "லீவுல என்னா செஞ்ச, ஒண்ணொண்ணா சொல்லு" என்றார் கணவர். தீனியை முன்னாலேயே கலந்ததைச் சொல்லும்போதே எனக்கு உறைத்தது. கலந்த வைட்டமின் சி நாள்பட்டால் வீரியம் இழந்துவிடும். அது இல்லாமல் இந்தச் செல்களால் கொலாஜனைச் சரியாகக் கட்ட முடியாது. லீவை நான் எடுத்தேனோ இல்லையோ, அவை எடுத்திருந்தன.

இந்த முறை ஒவ்வொரு வேளையும் புதிதாகக் கலந்தேன். மருந்து போடாத தட்டுகளில் கொலாஜன் ஏராளம். மருந்து போட்டவற்றில் குறைவு, ஆனால் முதலில் கண்டது மாதிரி அடியோடு இல்லை.

"மருந்து கொஞ்சந்தான் சார் கேக்குது" என்றேன் மேனேஜரிடம்.

"கேக்கறது கேக்கட்டும்மா. அன்னிக்கு நீ வாயத் தொறக்கலன்னா இல்லாதத இருக்குன்னு எழுதிக் குடுத்திருப்போம். வேலை உனக்குத்தான், போ."

வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டேன். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. "என்னாச்சு, போச்சா?" என்று பதறினார். கெடச்சிருச்சு என்று சொல்வதற்குள் அவரும் அழ ஆரம்பித்துவிட்டார்.

வேலை போயிருந்தாலும் சொன்னதற்கு வருத்தப்பட்டிருக்க மாட்டேன் என்று இப்போது சொல்வது சுலபம். இரண்டாவது ரிசல்ட் வரும்வரை, ஏன்டி வாயைத் திறந்தாய் என்று தினமும் என்னை நானே திட்டிக்கொண்டுதான் தட்டுகளுக்குத் தீனி வைத்தேன்.