சாணக் குவியலுக்கு வந்த காய்ச்சல்

மார்கழிப் பனியில் விறைத்துப்போன விரல்களைக் குவியலுக்குள் நுழைத்ததும் சுரீரென்று சுட்டது. அடுப்பில்லை, நெருப்பில்லை, வெயில்கூட இன்னும் சிறுமலையைத் தாண்டி வந்திருக்கவில்லை. சாணமும் வாடிய சம்பங்கியும் முட்டைக்கோசுத் தழையும் கொட்டிய வெறும் மேடு அது. எங்கள் மாட்டுக் 'கொட்டத்து'க்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாய் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அப்போது நான் எட்டாம் வகுப்பு. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்ட அந்த நொடியின் ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்திருந்தால், படித்த கம்ப்யூட்டர் படிப்புக்கு இந்நேரம் ஏதோ ஒரு நகரத்தில் ஏசி அறைக்குள் இருந்திருப்பேன்.

திண்டுக்கல்லை ஒட்டிய எங்கள் ஊரில் எங்களுக்குப் 'பால்காரவுக' என்பதுதான் பெயர். மழை பொய்த்த வருஷங்களில் வைக்கோலும் தீவனமும் ஏறிய வேகத்துக்குப் பால் ஈடுகொடுக்க முடியாமல், மாடுகள் ஒவ்வொன்றாய்ப் போய் இரண்டுதான் மிஞ்சியிருந்தன. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அப்பாவை வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாசி வரை இடத்தை வைத்திருப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். வீட்டில் எங்களிடம் பேசுவதைவிட மாடுகளிடம் அதிகம் பேசுகிற மனிதர், ஒரு இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு எப்படி உட்காருவார் என்று எனக்குக் கற்பனையே வரவில்லை. அம்மாவுக்கும் வந்திருக்காது. மகளிர் குழுவோடு போய் எங்கோ உரம் தயாரிப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர், நாமும் போட்டுப் பார்ப்போம் என்று ஒற்றைக் காலில் நின்றார். மாசிக்குள் முதல் குவியல் உரமாகி, யாராவது அதை விலைக்கு வாங்கிப் போக வேண்டும். இல்லையென்றால் கொட்டத்தைப் பூட்டிவிட்டு மில்லுக்குப் போவது. இதுதான் இருவருக்கும் நடுவில் முடிவான பேச்சு.

பேகம்பூரில் காய்கறிக் கடை வைத்திருந்த ஜமால் பாய், கடையில் மிஞ்சிய தழையையும் வழியில் பூ மார்க்கெட்டில் அள்ளிய கழிவையும் தன் 'குட்டியானை' வண்டியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார். சில நாளிலேயே குவியலுக்குச் சூடு ஏறியது. எனக்கும் அம்மாவுக்கும் ஒரே கொண்டாட்டம். அப்பாவுக்கு மட்டும் முகம் சரியில்லை.

ஏனென்றால் அவர் அதை மாட்டைப் பார்க்கிற கண்ணால் பார்த்தார். தினமும் காலையில் மாடுகளின் காதடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே கையோடு வந்து குவியலையும் தொட்டுப் பார்ப்பார். ஒரு நாள் கடப்பாரையை உள்ளே இறக்கி, உருவித் தொட்டவர் கையை உதறிக்கொண்டார். இந்தச் சூட்டுக்கு ஒரு மாடு பிழைக்காது என்பது அவர் கணக்கு. நான் பள்ளிக்கூடத்திலும் அம்மா குழுக் கூட்டத்திலும் இருந்த நேரத்தில், கொட்டம் கழுவும் ரப்பர் குழாயை மாட்டி, மோட்டாரைப் போட்டு, காய்ச்சல் கண்ட மாட்டைக் குளிரக் குளிரக் கழுவுவதுபோல அந்த மேட்டையும் அரைநாள் நனைத்திருக்கிறார்.

மறுநாள் ஆவி இல்லை. அதற்கடுத்த நாள் அழுகிய முட்டை நாற்றம். வண்டியோடு வந்த ஜமால் பாய் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, "என்னண்ணே, குளிப்பாட்டிட்டீக. பவுடர் போட்டுப் பொட்டும் வச்சு விட்டுருக்கலாம்ல?" என்றார். வேறு நாளாக இருந்தால் அப்பாவும் சிரித்திருப்பார். அம்மா அவரை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்றம் அடங்கட்டும், அப்புறம் மில்லுக்குச் சொல்லி அனுப்பலாம் என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் நான் அறிவியல் பாடத்தைச் சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் கழிவைத் தின்று செரிக்கின்றன, அப்போது வெப்பம் உண்டாகிறது, அவற்றுக்கும் காற்று வேண்டும் என்று ஏதோ ஒரு பத்தி. நான் ஒப்பித்தேன், அவ்வளவுதான். அப்பா எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அதைத் திரும்பப் படி, பாப்பா."

படித்தேன்.

"அப்ப அது காய்ச்சல் இல்ல," என்றார். "திங்கிது. தின்னுட்டு அசை போடுது. அந்தச் சூடு." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏ, இவளே, இப்ப அதுக்கு வயிறு உப்பிக் கிடக்கு. உப்புசம் கண்ட மாட்டப் படுக்க விடலாமா? எழுப்பி நடத்தணும்ல?" என்றார்.

மண்வெட்டியை எடுத்தது அம்மாதான். விடிந்ததிலிருந்து மூவருமாக அந்தச் சேற்றை வெட்டி, உதறி, காய்ந்த சோளத்தட்டையும் தென்னஞ்சருகும் இடையிடையே போட்டு, ஓரடி தள்ளி மறுபடி மேடாக்கினோம். நானும் அம்மாவும் மூக்கை மூடித் துணி கட்டிக்கொண்டோம். அப்பாவோ, சினைமாட்டை ஓட்டிப்போகிறவர்போல, "அப்புடித்தான், எந்திரி, எந்திரி" என்று அதனிடம் பேசிக்கொண்டே வெட்டினார். இரண்டு நாள் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு காலை, மெல்லிய இழையாய் ஆவி. அப்பா என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினார். இருவரும் அந்த ஆவியில் கையை நீட்டிக் காட்டினோம். கையளவு சாணத்தில் இத்தனை உயிர் மூச்சு விடுகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாசி பாதியில், ஆயக்குடியில் கொய்யாத்தோப்பு வைத்திருந்த ஒருவர் அம்மா சொல்லி வந்தார். குவியல் பாதியாய் இறங்கி, கறுத்து, காப்பித்தூளாய் உதிர்ந்து கிடந்தது. ஒரு பிடி அள்ளி முகர்ந்தவர் அப்பாவைப் பார்த்து, "ஏனுங்க, இதுல சாணி எங்கீங்க? மழை பேஞ்ச மண்ணு வாசமல்ல வருது?" என்றார். இருந்ததை முழுக்க எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அடுத்தது எப்போது கிடைக்கும் என்றும் கேட்டார். அப்பா குனிந்து தானும் ஒரு பிடி அள்ளி முகர்ந்துகொண்டிருந்தார். அம்மாதான் சித்திரையில் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அப்பாவிடம் திரும்பி, "நீங்க எங்கிட்டும் போக வேணாம்" என்றார்.

இப்போது கொட்டம் இருந்த இடமெல்லாம் குவியல்கள்தான். அந்த இரண்டு மாடுகளும் வயதாகிப் போய்ச் சேர்ந்தன. விடியலில் கேன் உருளும் சத்தம் இல்லை, கன்று கத்துவது இல்லை. பால்காரவுக வீட்டில் கடைப் பாக்கெட் பால். அது எந்த மாட்டுப் பால் என்று தெரியாமல் குடிக்க மாட்டேன் என்று அப்பா கடுங்காப்பிக்கு மாறிவிட்டார். ஆனால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சாண வண்டி வந்து நின்றால் முதல் ஆளாய்ப் போய் ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்ப்பார். இது பச்சைப்புல் மேய்கிற மாடு, இதற்கு வெறும் வைக்கோல்தான் போடுகிறார்கள், இதற்கு வயிறு சரியில்லை, போய்ச் சொல்லு என்று வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்புவார். முகமே பார்த்திராத அந்த மாடுகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று அடுத்த வண்டியில் மறக்காமல் விசாரிக்கவும் செய்வார்.