ஈஸ்வரபாண்டி பூக்கேட்ட கதை

ஓடைப்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சிற்றூரில், ஈஸ்வரபாண்டி என்ன செய்கிறான் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். திராட்சைத் தோட்டம் பார்க்கிறான் என்பார்கள், அது உண்மை. செல்போனில் சூதாடுகிறான் என்பார்கள், அது பொய். ஆனால் அவனிடம் பகடை இருப்பதைப் பலரும் பார்த்திருப்பதால், அந்தப் பொய்யை விட ஊருக்கு மனம் வரவில்லை.

அவன் செய்வது இதுதான். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவர் கதை சொல்வார்: இருட்டப் போகிறது, எதிரே கோட்டை வாசல், இரண்டு காவலாளிகள், என்ன செய்யப் போகிறீர்கள்? மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ இருந்து பதில் சொல்வார்கள். ஒருத்தி காவலாளிக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறேன் என்பாள், ஒருவன் மதில் ஏறுகிறேன் என்பான். ஏறினானா, விழுந்தானா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். அந்தக் கோட்டையை, காவலாளியை, காவலாளிக்கும் அவன் மச்சானுக்கும் இருக்கும் பேச்சுவார்த்தையின்மையை எல்லாம் முன்கூட்டியே யோசித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஈஸ்வரபாண்டி.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தபோது, கட்டப்பனைக்காரி ஷெரின் இந்த ஆட்டத்தை அவனுக்குக் காட்டினாள். படிப்பு முடிந்து அவள் பெங்களூருக்குப் போனாள். அவனும் போயிருப்பான். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததால் தோட்டத்துக்குத் திரும்பினான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வீடியோவில் ஆட்டம் தொடர்ந்தது.

அவன் உண்டாக்கிய அரக்கர்கள் தனி ரகம். வாய்க்காலை அடைத்துப் படுத்திருக்கும் அரக்கன் கெட்டவன் அல்ல. மேல்மடை அரக்கன் தண்ணீர் விடாததால் அப்படிப் படுத்திருக்கிறான். அவனை வெட்டுவதா, மேலே போய்ப் பஞ்சாயத்துப் பேசுவதா என்று ஆடுபவர்கள் மூன்று ஞாயிறு சண்டை போட்டார்கள். குறை ஒன்று உண்டு. அவன் கதைகள் எல்லாமே அடைபடுவதில் தொடங்கும். குகை வாய் மூடிக்கொள்ளும், கப்பல் காற்றில்லாமல் நின்றுவிடும், நகரத்தைச் சுற்றி வெள்ளம் வந்துவிடும்.

"எடா பாண்டி, உன் கதையில ஆளுகளக் கொஞ்சம் வெளியதான் விடேன்" என்று ஷெரின் கேட்டாள்.

"வெளிய விட்டா எங்கிட்டாச்சும் போயிருவீக. அந்த ஊரெல்லாம் நான் இன்னும் யோசிக்கல."

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. மூன்று கதவு காட்டுவான். எதைத் திறந்தாலும் அதே அரக்கன்தான் நிற்பான். பகடையைத் திராட்சைப் பெட்டி அட்டையை வெட்டிச் செய்த தட்டிக்குப் பின்னால் உருட்டுவான். விழுந்த எண் கதைக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறு எண்ணைச் சொல்லிவிடுவான். இதில் அவனுக்குக் குற்ற உணர்வே கிடையாது. பகடையைச் சும்மா விட்டால் நல்ல கதையைக் கெடுத்துவிடும் என்பது அவனுடைய சித்தாந்தம்.

போன வருடம் ஷெரின் வேலை பார்க்கும் ஆட்டக் கம்பெனிக்கு, கதை அமைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. இரண்டு நாள் விழா ஒன்று நடத்தினார்கள். அங்கே நேரில் வந்து ஆட்டம் நடத்திக் காட்ட வேண்டும், பிடித்துப்போனால் வேலை. இதற்காகவே ஈஸ்வரபாண்டி புதிதாக ஒரு கதை அமைத்தான். ஓர் ஊர். அங்கே திருவிழா சாட்டியாகிவிட்டது. இனி யாரும் எல்லை தாண்டித் தூங்கக் கூடாது. வழிப்போக்கர்கள் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள்.

விழாத் தேதியைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. அது அவன் ஊர் அம்மன் கோயில் பொங்கல் வாரம்.

அப்பா பிழைத்தால் மகன் மூன்று வருடம் தீச்சட்டி எடுப்பான் என்று அம்மா மொக்கம்மாள் நேர்ந்திருந்தார். அப்பா பிழைத்து, டிவி முன்னால் உட்கார்ந்து, எதிலும் கருத்துச் சொல்லாத மனிதராக நலமாக இருந்தார். இது கடைசி வருடம். காப்புக் கட்டிய ஆள் இரவு ஊரில்தான் படுக்க வேண்டும். பெங்களூர் போய் ஒரே பகலில் திரும்ப முடியாது.

"பாதி நேத்திக்கடன் வைக்கிறவன் பொழச்சிருவானாலே?" என்றார் மொக்கம்மாள்.

"ரெண்டு வருசம் எடுத்திருக்கேம்மா. பாதிக்கு மேல."

"ஆத்தாகிட்டப் போய்க் கணக்குப் பேசு, போ."

கடைசியில் இருவரும் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். பூக்கேட்பது. வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில் போட்டு, சம்பந்தமில்லாத யாராவது ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம், சித்தப்பா மகன் சட்டி எடுப்பான். சிவப்பு வந்தால் இருக்க வேண்டும்.

ஈஸ்வரபாண்டிக்கு நிம்மதியாகிவிட்டது. அவனுக்குத் தெரிந்த தொழில் இது. பூசாரி அம்மாவாசி மாமன் முறை. அன்று சாயங்காலமே அவரிடம் போனான்.

"மாமா, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையவே வச்சிருங்க."

அம்மாவாசி அவனை நிமிர்ந்து பார்த்தார். "சாமியவே ஏமாத்தச் சொல்றியாக்கும்."

"சாமிய இல்ல மாமா. அம்மாவ."

"அம்மாவ ஏமாத்துறது அதுக்கும் மேலடா" என்றார். முடியாது என்று சொல்லவில்லை. ஈஸ்வரபாண்டி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கோயிலில் மொக்கம்மாள் கண்ணை மூடி நின்றார். எடுக்க ஆள் தேடியபோது, தேனியில் நர்ஸ் வேலை பார்க்கும் வேல்விழி டியூட்டிக்குப் போகிற வழியில் கும்பிட வந்தாள். தோளில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை.

"ஆத்தா வேல்விழி, இதுல ஒண்ண எடு" என்றார் பூசாரி.

"எதுக்குண்ணே?"

"எதுக்குன்னு தெரியக் கூடாது. எடு."

"பஸ்ஸு வந்துரும்ணே" என்று சொல்லிக்கொண்டே, கூடையைக் கீழே வைக்காமல், குனிந்து கையில் பட்டதை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரிப்பதற்குள் தெருவுக்குப் போய்விட்டாள்.

செவ்வரளி.

மொக்கம்மாள் திருநீறு பூசிக்கொண்டு, மகன் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். பார்க்காமல் போன விதத்திலேயே ஈஸ்வரபாண்டிக்கு விஷயம் விளங்கிவிட்டது. கதவு மூன்று, அரக்கன் ஒன்று. தன் வித்தையைத் தன்னிடமே காட்டிவிட்டார்கள். அவன் கொதித்துப்போனான், ஏமாற்றுகிறவர்களுக்கு ஏமாறும்போது வரும் தார்மீகக் கோபம் மற்றவர்களுக்கு வருவதில்லை.

"அம்மா வந்து சொன்னாகளா மாமா?"

"வந்துச்சு. ஒனக்கு முந்தியே வந்துருச்சு. ரெண்டுலயும் செவப்ப வைண்ணேன்னு ஒரே அழுக."

"அதான் ரெண்டுலயும் செவப்ப வச்சுட்டீக."

அம்மாவாசி சாமி காலடியில் கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தார். ஈஸ்வரபாண்டி பிரித்தான். உள்ளே நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று, வாடாமல் இருந்தது.

"ஒருத்தர் வந்து கேட்டிருந்தா, போனாப் போகுதுன்னு செஞ்சிருப்பேன். செஞ்சும் இருக்கேன். ரெண்டு பேரும் கேட்டா நான் எங்கிட்டுப் போக? சாமி பாடுன்னு விட்டுட்டேன்."

ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வீம்புக்குப் பஸ் ஏறியும் இருக்கலாம். ஒருவரும் ஏமாற்றவில்லை என்பதற்கு எதிராக என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வேல்விழி அந்தப் பக்கமாகக் குனிந்திருந்தால் அவன் பெங்களூரில் இருந்திருப்பான். அவளோ இந்நேரம் சின்னமனூரைத் தாண்டியிருப்பாள்.

ஷெரினுக்குப் போன் செய்தான். அவள் முழுதும் கேட்டாள்.

"நியாயமா உருட்டினா இப்படியும் வரும்டா. உன் தட்டிக்குப் பின்னால எங்களுக்கு அப்படி எப்பவுமே வந்ததில்ல" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "தேதிய மாத்த மாட்டாங்க. கதைய மட்டும் அனுப்பு. வினோத்ராஜ் நடத்தட்டும்."

வினோத்ராஜ் அவர்களோடு ஆடும் சேலத்துக்காரன். ஈஸ்வரபாண்டி கதையை அனுப்பினான். யாரும் வெளியேற முடியாத அந்த ஊர் பெங்களூர் போய்ச் சேர்ந்து, இரண்டு நாள் இருந்து, நல்ல பெயரும் வாங்கியது. வேலை வினோத்ராஜுக்குக் கிடைத்தது. அவனே போன் செய்து சொன்னான். அவனைக் குற்றம் சொல்லவும் வழியில்லை.

காப்புக் கட்டிய வாரம் முழுக்க மொக்கம்மாள் மகனைத் தாங்கினார். கேட்காமலே பணியாரம் வந்தது. தோட்டத்து மோட்டாரை அவரே போய் நிறுத்தினார். தான் செய்த ஏற்பாடுதான் பலித்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பூசாரியிடம் போய்க் கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. நீ ஏமாத்தலம்மா, அது தானா வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் பாரம் இறங்கிவிடும். ஈஸ்வரபாண்டி இரண்டு முறை வாயைத் திறந்தான். இரண்டு முறையும் பணியாரம்தான் உள்ளே போனது. அம்மாவின் அந்தக் குறுகுறுப்பை விட்டால், இந்த ஊரில் அவன் பக்கம் நிற்க வேறு எதுவும் இல்லை.

தீச்சட்டி எடுத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் லேப்டாப்பைத் திறக்கவில்லை. மொக்கம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அது என்ன வெளையாட்டுலே? எனக்குத்தான் சொல்லேன்."

இத்தனை வருடத்தில் அவர் கேட்டதே இல்லை. அவன் தயங்கிவிட்டுத் தொடங்கினான். "நீ ஒரு வழிப்போக்கி. தெரியாத ஊருக்குள்ள வந்துட்ட. சாட்டியாச்சு. இனி வெளிய போக முடியாது."

"ம்."

"வெளிய போறதுக்கு வழி நீதான் கண்டுபிடிக்கணும். என்ன செய்வ?"

மொக்கம்மாள் நிஜமாகவே யோசித்தார். கண்ணைச் சுருக்கி, நிலம் பார்க்கப் போனவரைப் போல அந்த ஊரைச் சுற்றிப் பார்த்தார்.

"நான் எதுக்குலே வெளிய போகணும்?"

இந்த ஆட்டத்துக்காக அவன் யோசித்து வைத்திருந்த சுரங்கம், லஞ்சம் வாங்கும் காவலாளி, ஆற்றைத் தாண்டும் பரிசல் எல்லாம் அப்படியே நின்றன. மொக்கம்மாள் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"அங்கன தண்ணி வசதி எப்பிடி?"