வாத்தியாரின் பட்டச் சான்றிதழ்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் என் ஜெராக்ஸ் கடையைத் தெரியாத தமிழன் கிடையாது.

என் கடைக்கு வந்துபோகிறவர்களில் ஒருவர் சிமெண்டு ஃபேக்டரியில் டைம்கீப்பர். ஊரில் கணக்கு வாத்தியார். பேசி முடித்தால், சாக்பீஸ் தூள் உதிர்ப்பதுபோல உள்ளங்கைகளைத் தட்டிக்கொள்வார். இங்கே ஒரு பள்ளியில் அவருக்கு வேலை தயாராக இருந்தது. பட்டச் சான்றிதழில் ஊர் முத்திரைகளெல்லாம் விழுந்துவிட்டன. இங்குள்ள அமைச்சகத்தின் முத்திரை ஒன்றுதான் பாக்கி.

அதை என்னிடம் நகலெடுக்கக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். கசங்கிய தாளைப் பார்க்கப் பொறுக்காமல், நானாகவே லேமினேஷன் போட்டுவிட்டேன்.

திரும்பி வந்தவர் முகம் வெளுத்தது. "பாய், இதுல இன்னும் ஒரு சீல் வைக்கணுமே!"

"பிளாஸ்டிக் மேலயே குத்துவாங்க சார். நான் பாக்காத ஆபீசா?"

அமைச்சகத்தில் குத்த மறுத்துவிட்டார்கள். உரித்துப் பார்த்தோம், எழுத்தும் கூடவே உரிந்து வந்தது. புதுச் சான்றிதழ் வரும்வரை பள்ளி காத்திருக்கவில்லை.

"விடுங்க பாய், நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார்.

அடுத்த மாதம் தொழிலாளர் கேம்ப் ஆட்கள் மூவரைக் கூட்டி வந்தார். "பாய்கிட்ட குடுங்கப்பா, வேலை சுத்தமா இருக்கும்" என்று அவர்களிடம் சொன்னார். அவர் குரலில் கேலி துளியும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.