வேம்புலியும் காணாமல்போன விம்மலும்

எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் வேம்புலியை நான் திட்டாத நாளே கிடையாது. திருவேற்காட்டுக்காரர், நிலமெல்லாம் மனையானதும் இங்கே தற்காலிக வேலைக்கு வந்தவர். பத்தாவது ஃபெயில். ஆனால் லேசர் மக்கர் பண்ணினால் பேராசிரியரே அவரைத்தான் தேடுவார்.

அப்போது 1989. இட்டர்பியம் என்கிற உலோகத்தின் ஆவியில் லேசரைப் பளிச்சென்று பாய்ச்சினால், அணு கிளர்ந்து இரண்டு ஆற்றல் நிலைகளில் ஒரே சமயத்தில் நிற்கும். இரண்டிலிருந்தும் வரும் ஒளி குறுக்கிட்டுக் கூடிக் கூடிக் குறையும். அதுதான் விம்மல். அந்த நிலைகளைப் பிரித்து வைப்பது ஆவி அடைத்த குழாயின் இருபுறமும் இருக்கும் செம்புச் சுருள்களின் காந்தப்புலம். என் முனைவர் பட்டமே அந்த விம்மலை நம்பித்தான்.

ஆயுத பூஜை முடிந்து வந்து பார்த்தால் விம்மலைக் காணோம்! திரையில் வழவழவென்று சரியும் வெறும் கோடு. வெள்ளிக்கிழமை பேராசிரியர் இரண்டு வருடத்துக்கு வெளிநாடு கிளம்புகிறார். விம்மலைக் கண்ணால் பார்க்காமல் என் ஆய்வேட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். நாலு நாள் தலைகீழாக நின்றேன். வியாழக்கிழமை மத்தியானம் அழுதேவிட்டேன்.

"இன்னாம்மா, சின்னப்புள்ளையாட்டம்?" என்றார் வேம்புலி.

"பூஜைக்கு எதையெல்லாம் தொட்டுத் தொலைச்சீங்க?"

"எல்லாத்தையும் கழட்டித் தொடச்சு, குங்குமம் வெச்சு, அப்டியே மாட்டிட்டேம்மா. ஒரு செம்புக் கம்பி ரவுண்டுல மட்டும் பொட்டு உள்பக்கம் மறைஞ்சிகினு இருந்துச்சு. ஜனங்க கண்ணுக்குத் தெரிய வேணாமா? திருப்பி மாட்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுருள் திரும்பினால் அதன் புலமும் திரும்பும். இரண்டும் எதிரும் புதிருமாகி, நடுவிலிருந்த ஆவிக்குப் புலமே இல்லாமல் போய்விட்டது. நாலு நாளும் அந்தப் பொட்டைக் கும்பிட்டுத்தான் வேலை ஆரம்பித்தேன், படித்த முட்டாள்!

மாற்றி மாட்டினோம். கோடு விம்மி விம்மி இறங்கியது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

பேராசிரியர் வந்து பார்த்தார். "இத்தனை நாள் என்ன கோளாறு?"

வேம்புலி முகம் வெளுத்தது. "என் தப்பு சார், சுருளை மாத்தி மாட்டிட்டேன்" என்று முந்திக்கொண்டேன்.

"பொய் சொல்லுது சார். நான்தான் மாட்னேன்."

பேராசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த வெறுங்கோட்டைப் படம் எடுத்து வச்சிருக்கியா? ஆய்வேட்டில் போடு. புலம் இல்லேன்னா விம்மல் இல்லைங்கிறதுக்கு அதைவிடச் சாட்சி வேணுமா?" கையெழுத்தைப் போட்டுவிட்டு நடந்தார்.

"அப்போ நம்ம வேலை போவாதாம்மா?" என்று கேட்ட வேம்புலி, பதிலுக்குக்கூட நிற்காமல் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.